ஊர்வலம் வயலுக்குள் இறங்கியது

விடிய முன்னமே தேத்தண்ணீர்க் கடை றேடியோ சொல்லிவிட்டது. கடையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கோயிலடிக்கும், கோயிலடியிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாகவும் செய்தி நடந்து வந்தது. எல்லோருக்கும் கடைசியாக, ஆனால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து வந்து, இரஞ்சிதத்துக்குச் சொன்னார்கள்.

"சேமன் வெண்டிட்டார்!"

அடுப்பில் பால் பொங்கப் போகிற நேரம். அவள் பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். சிரித்த சிரிப்பு முடிய முன்னரே அண்ணன் வீரகத்தியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

வென்றது புருஷன். தோற்றது அண்ணன்.

சிற்றம்பலம் முள்ளியவளைக் கிராமச் சங்கத்தின் தலைவர். ஊருக்கு அவர் சேமன். இந்தச் சேமன் வேலைக்கே வித்திட்டது அவர்களுடைய கலியாண நாள்தான். தை மாதம்; மாரி வெள்ளம் வடியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்த வண்டில் வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. வீரகத்தி நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித் தங்கச்சியை ஒரு தோளிலும், அவளுடைய கூறைப் பெட்டியை மற்றத் தோளிலும் சுமந்து கரையேற்றினான். மாப்பிள்ளை தானாகவே நீந்தி வந்தார். பட்டு வேட்டி ஒழுக ஒழுகக் கரையில் நின்று, "இந்த இடத்திலை ஒரு மதகு கட்டாமல் விடன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீரகத்தி சிரிக்கவில்லை. "அப்ப சங்கத்துக்குக் கேள் மச்சான். உனக்கு வோட்டுச் சேர்க்கிறது என்ர வேலை" என்றான்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு சைக்கிளில் இருவரும் போவார்கள். மதகு வந்தது. சந்தைக்குக் கூரை வந்தது. வாசிகசாலை வந்தது. கிணறுகள் வந்தன. சிற்றம்பலம் வட்டார உறுப்பினராக இருந்து தலைவரானார். வீரகத்தி உதவித் தலைவரானான். கூட்டத்தில் என்ன விஷயம் எடுத்தாலும் சிற்றம்பலத்தின் பேச்சு எப்படியோ ஒரு மதகில் போய் முடியும். வீரகத்தி மேசைக்குக் கீழே காலால் தட்டுவான், அவர் நிறுத்துவார்.

பழைய எம்.பி. இனித் தேர்தல் கேட்கமாட்டேன் என்று சொன்ன நாளில்தான் பிழை நடந்தது. நான்தான் கேட்பேன் என்று மச்சானுக்குத் தெரியும்தானே என்று சிற்றம்பலம் நினைத்தார். அதையே வீரகத்தியும் நினைத்தான். சொந்தத்துக்குள் இதையெல்லாம் போய் வாய்விட்டுக் கேட்பதா? இருவரும் கேட்கவில்லை. வவுனியா அரசாங்கக் கச்சேரிப் படியில், கையில் வேட்புமனுவோடு, ஒருவரையொருவர் சந்தித்தார்கள்.

சிற்றம்பலத்துக்குக் குடைச் சின்னம். வீரகத்திக்குக் கதிரை; நாலு கால் நாற்காலி.

"என்ர படலையை நீ திறவாதை. உன்ர படலையை நான் திறவன்" என்று வீரகத்தி அந்தப் படியிலேயே சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவன்தான். அன்றிலிருந்து தங்கச்சி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

நீ வோட்டிலை ஆருக்கடி புள்ளடி போட்டனீ என்று அவளை ஊரில் கேட்காதவர்கள் இல்லை. "பெட்டிக்குள்ளை போட்டன்" என்று சொல்லி அவள் வேலையைப் பார்த்தாள்.

---

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தேத்தண்ணீர் கொதித்தது. தண்ணீரூற்று ஹமீட் நானா தன்னுடைய லொறியைச் சோடித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருந்தார். மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக ஊர்வலம் வரும். இங்கே ஆரத்தி. பிறகு எல்லோரும் வற்றாப்பளை அம்மாளாச்சி கோயிலுக்கு. அதுதான் ஏற்பாடு.

இரஞ்சிதம் ஆரத்தித் தட்டுக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புற வேலியில் ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் ஒரு தலை தெரிந்தது. தலை நிறைய வைக்கோல் தூள்.

"மச்சாள்!"

வீரகத்தியின் மனைவி கமலாசனி.

"என்ன மச்சாள், கள்ளி மாதிரி? முன்னாலை வாங்கோவன்."

"முன்னாலை வந்தால் ஆக்கள் பாப்பினம். உங்கட அண்ணைக்குத் தெரிஞ்சால் என்னை வெட்டிப் போடுவார்."

"அவர் கோழியைக்கூட வெட்டமாட்டார். உள்ளுக்கு வாங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி..."

"நிக்க நேரமில்லை மச்சாள். அவர் சூடு தள்ளிப் போட்டார்."

இரஞ்சிதத்தின் கை மஞ்சள் தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"இண்டைக்கோ?"

வெட்டிய நெற்கதிரைக் கட்டிக் கோபுரம் போல அடுக்கி வைப்பதுதான் சூடு. அடுக்கிய சூட்டுக்கு மழை பயமில்லை. ஒரு மாதமும் நிற்கும். ஆனால் தள்ளிக் களத்தில் பரப்பிவிட்டால், எருமை விட்டு மிதித்து, நெல்லை அள்ளி முடிக்கும்வரை வானம் பொறுக்க வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து பேராவது வேண்டும்.

"நான் சொன்னனான். இண்டைக்கு ஊர்வலம், ஒருத்தரும் நிக்கமாட்டினம் எண்டு. சேமன் வெண்டதுக்காக என்ர நெல்லுக் காத்துக்கொண்டிருக்குமோ எண்டு கேட்டார். காலமை ஆக்கள் வந்தவைதான். ஹமீட்டின்ர லொறி வெளிக்கிட்ட சத்தம் கேட்ட உடனை ஒருத்தன் வெத்திலை வாங்கப் போனான். மற்றவன் அவனைத் தேடிப் போனான். மூண்டாவது ஆள், ரெண்டு பேரையும் கையோடை கூட்டி வாறன் எண்டு போனான்."

இரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கமலாசனிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் கலங்கியது.

"இப்ப ஆர் களத்திலை?"

"அவரும் எருமையளும். வாய் பேசாமல் சுத்திக்கொண்டு நிக்கிறார். ஆர் எருமை, ஆர் மனிசன் எண்டு தெரியேல்லை."

கமலாசனி வேலிக்கு மேலால் மேற்கே கையைக் காட்டினாள். ஒட்டுசுட்டான் காட்டுக்கு மேலே வானம் சட்டிக் கரி பிடித்ததுபோல் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஆள் கேட்டு வந்தனான் எண்டு நினையாதேங்கோ மச்சாள். உங்கட நல்ல நாள். ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்க ஏலாமல்தான் வந்தனான்."

வேலிப் பொட்டு வெறுமையாயிற்று.

இரஞ்சிதம் வானத்தைப் பார்த்தாள். அண்ணன் இந்த வருஷம் விதைநெல்லையும் கடனுக்குத்தான் வாங்கி விதைத்தார் என்று அவளுக்குத் தெரியும். அந்த நெல் நனைந்து முளைத்துப் போனால், அந்த நேரத்தில் தங்கச்சி மாலையும் கழுத்துமாக நின்றாள் என்பதை அண்ணன் மறக்கமாட்டார். அவளாலும் மறக்க முடியாது.

தூரத்தில் மேளம் கேட்டது.

---

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் றோட்டு முழுவதும் விரித்த குடைகள். கறுத்தக் குடை, கம்பி போன குடை, எங்கேயோ கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் குடை. நடுவில் ஹமீட் நானாவின் லொறி. அதற்கு மேலே, கழுத்து தெரியாத அளவு மாலையோடு சிற்றம்பலம்.

அவருக்குக் குரல் போய்விட்டது. ஒரு மாதமாகக் கத்திய கத்து. ஒட்டுசுட்டானில் வாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்ததாம். அன்றிலிருந்து, அதாவது அன்று காலையிலிருந்து, ஹமீட் நானாதான் அவருடைய வாய். சிற்றம்பலம் காதுக்குள் இரண்டு சொல் சொல்வார். ஹமீட் நானா அதை ஒரு மேடைப் பேச்சாக்குவார்.

"எம்.பி. நன்றி சொல்லுறார்!" என்று லொறியில் நின்றபடி முழங்கினார் ஹமீட். "இந்த முள்ளியவளை மண்ணுக்கும், தண்ணீரூற்று மண்ணுக்கும், தாய்மாருக்கும், தகப்பன்மாருக்கும், வோட்டுப் பெட்டியைக் காவின பொலிசுக்காரருக்கும் நன்றி சொல்லுறார்!"

சிற்றம்பலம் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். பொலிசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

லொறியால் இறங்கி வந்த மனிதருக்கு இரஞ்சிதம் ஆரத்தி எடுத்தாள். பொட்டு வைக்கிற சாட்டில் கிட்டப் போய்ச் சொன்னாள்.

"அண்ணை சூடு தள்ளிப் போட்டார். களத்திலை தனிய நிக்கிறார்."

சிற்றம்பலம் அவளைப் பார்க்கவில்லை. முதலில் வானத்தைத்தான் பார்த்தார். அவர் எம்.பி. ஆகி அரை நாள். வயல் செய்யும் கமக்காரனாகப் பிறந்து நாற்பத்தைந்து வருஷம்.

"நெல்லை மூடப் படங்கு இருக்கோ?" காற்றாகக் கேட்டார்.

"அண்ணையிட்டை ஏது படங்கு? ஹமீட் நானாவின்ர லொறியிலை இருக்கு."

அவர் கால் வயல் பக்கம் திரும்பியது. உடனே நின்றுவிட்டது.

"ரஞ்சிதம், நான் அங்கை போறது சரியில்லை. குடையும் மேளமுமாய்த் தோத்த ஆளின்ர வயலுக்குப் போனால், நக்கலடிக்க வந்தான் எண்டுதான் நினைப்பான். ஊரும் அதைத்தான் சொல்லும். பிறகு இந்தச் சென்மத்திலை அவன் என்ர முகத்தைப் பாக்கமாட்டான்."

அவர் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கும் பயம். போனாலும் அண்ணனை இழக்கலாம், போகாவிட்டாலும் இழக்கலாம். ஒரு இடி எங்கோ உருண்டது.

"அண்ணை என்ன சொன்னவர்? படலையைத் திறவாதை எண்டுதானே?"

"ஓம்."

"களத்துக்கு ஏது படலை?"

சிற்றம்பலம் அவளைப் பார்த்தார்.

"களத்துக்கு வந்த ஆளைப் போ எண்டு சொல்லக்கூடாது. பிச்சைக்காரன் வந்தாலும் நெல்லள்ளிக் குடுத்துத்தான் அனுப்பவேணும். அண்ணைக்கு அது தெரியும். கோவம் எவ்வளவு வந்தாலும் களத்திலை நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார். ஆனால் நாங்கள் ஊர்வலமாய்ப் போகேலாது. கூலிக்கு வந்த ஆக்கள் மாதிரிப் போவம்."

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல விரிந்தது. சங்கக் கூட்டத்தில் வழி தெரியாமல் முட்டுப்பட்ட நேரம், வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டுவிட்டு மறுநாள் தன்னுடைய யோசனை போலச் சொன்ன எத்தனையோ தரம் சிரித்த அதே சிரிப்பு.

"நீ சொல்லு," என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் குரலில்லை."

ஹமீட் நானா உடனே லொறிக் கதவைத் திறந்து படியைக் காட்டினார். "ஏறு தங்கச்சி. எம்.பி. சார்பிலை அம்மா பேசுவா! எல்லாரும் சத்தத்தை நிப்பாட்டுங்கோ!"

அவள் அதுவரை ஆட்களுக்கு முன் நின்று பேசியதில்லை. லொறிப் படியில் ஒரு காலை வைத்தாள். அத்தனை குடைகளும் அவளைப் பார்த்தன. வானம் இன்னொரு தரம் உருண்டது. அதுதான் அவளைப் பேச வைத்தது.

"அம்மாளாச்சியிட்டைப் பின்னேரம் போவம். அவ எங்கையும் ஓடிப் போகமாட்டா. இப்ப வீரகத்தி அண்ணையின்ர களத்துக்குப் போறம். சூடு தள்ளினபடி கிடக்கு. மழை வருது."

ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"ஊர்வலமாயில்லை, வேலைக்கு. மேளம் வேண்டாம், வெடி வேண்டாம். குடையளை மடக்குங்கோ. 'வாழ்க' எண்டு ஆரும் வாய் திறந்தால் அந்த ஆளை நான் பாதியிலை இறக்கிவிட்டுடுவன்."

"அக்கா, அண்ணை பொல்லெடுத்தால்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"முதல் அடி எனக்கு. ரெண்டாவது எம்.பி.க்கு. மூண்டாவதுக்கு நீ வாவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் இரஞ்சிதத்தின் கண் ஒரு இடத்தில் நின்றது. லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் மூன்று பேர், ஒரே குடைக்குக் கீழே, தலையைக் குனிந்துகொண்டு.

"என்ன, வெத்திலை கிடைச்சுதோ?"

குடை சட்டென்று மடங்கியது. முதலில் லொறியில் ஏறிக் குந்தியது அந்த மூன்று பேரும்தான்.

---

வீரகத்தி முதலில் சத்தத்தைக் கேட்கவில்லை. மேளமும் இல்லை, வெடியும் இல்லையே. லொறி வயலோரத்தில் வந்து நின்றபோதுதான் நிமிர்ந்தான். எருமைகள் தாங்களாகவே நின்றுவிட்டன.

வரம்பு வழியே ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்தார்கள். களத்து ஓரத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மடக்கிய குடைகளைப் பூவரசங் கதியால் வேலியில் கொழுவினார்கள். சிற்றம்பலம் மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி லொறியில் போட்டுவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். களத்தின் எல்லையில், வரம்பின் மேல், நின்றார்.

இரஞ்சிதம் அவருக்கு ஒரு அடி முன்னே நின்றாள்.

அண்ணனின் முகத்தில் வியர்வையும் வைக்கோல் தூளும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவன் கையில் வைக்கோல் புரட்டுகிற தடி இருந்தது. மேல்மூச்சு வாங்கியது. தங்கச்சியைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். வாய் திறந்தது. சொல்லப் போன சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும். பிறகு காலுக்குக் கீழே கிடந்த நெல்லைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது.

"அண்ணை," என்றாள் மெதுவாக, "களத்துக்கு ஆள் வந்திருக்கு."

காற்று திடீரென்று குளிர்ந்தது. மழை மணத்தது.

வீரகத்தி வானத்தைப் பார்த்தான். திரும்பவும் அவர்களைப் பார்த்தான். தடியை மண்ணில் குத்தி நிறுத்தினான்.

"பொலி," என்றான்.

களத்தில் நெல்லுக்குப் பெயர் அது. வந்தவர்களுக்கு வரவேற்பும் அதுதான்.

"பொலி! பொலி!" என்று நாற்பது ஐம்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. வரம்பில் நின்ற கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு நேரம் போதாது. நடந்ததற்கும் நேரம் போதவில்லை. சிலர் மிதிபட்ட வைக்கோலை உதறி ஒதுக்கினார்கள். சிலர் மிதிபடாத கதிரைத் திரும்ப இழுத்துக் குவித்தார்கள். பெண்கள் சுளகாலும் கையாலும் நெல்லைக் கூட்டினார்கள். கமலாசனி எங்கிருந்தோ சாக்குகளோடு ஓடி வந்தாள். இரஞ்சிதத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு சாக்கின் வாயை அவளிடம் நீட்டினாள். இரஞ்சிதமும் அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறவள் மாதிரி அதை வாங்கிப் பிடித்தாள். ஹமீட் நானா லொறியின் படங்கை உருவிக் கொண்டு வந்தார். அது போதாது என்றதும், லொறியின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த வெற்றிப் பதாகைகளையும் அறுத்துக்கொண்டு வந்தார்.

"வெற்றிக்கு இதைவிட நல்ல வேலை ஏது? இழு தம்பி, இழு!"

சிற்றம்பலமும் வீரகத்தியும் கதிர்க் குவியலின் இரண்டு பக்கமும் நின்று படங்கின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் இழுக்க மற்றவர் விட்டார். ஒருவர் விட மற்றவர் இழுத்தார். இருவரும் சேர்ந்து செய்த எத்தனை அறுவடை அந்தக் கைகளுக்குத் தெரியும்.

முதல் துளிகள் விழுந்தன. பெரிய, கனத்த துளிகள்.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. ஊர்வலத்தோடு வந்த தவில்காரர் கைக்குழந்தையைப் போலத் தன் தவிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவர். தோல் நனைந்தால் ஒரு மாத உழைப்புப் போய்விடும். பதற்றத்தில் கதியாலில் தொங்கிய ஒரு குடையை எடுத்து, களத்துக்கு நடுவில் நின்று, படாரென்று விரித்துவிட்டார்.

களத்தில் குடை விரிப்பதா! செருப்பைப் போல அதுவும் நெல்லுக்கு அவமரியாதை.

"குடையை மடக்கடா!"

ஒரே நேரத்தில் இரண்டு குரல். ஒன்று வீரகத்தியின் இடிக்குரல். மற்றது சிற்றம்பலத்தின், அன்று முழுவதும் வராத குரல். கோழிக்குஞ்சின் கீச்சுச் சத்தம் போல வந்தது.

களம் அப்படியே உறைந்தது. குடைச் சின்னத்தில் வென்ற எம்.பி. குடையை மடக்கச் சொல்கிறார்.

வீரகத்தி மச்சானைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தரம் நேருக்கு நேர் பார்த்தான். அவனுடைய மீசை துடித்தது.

"உந்தச் சொல்லை ஒரு மாதத்துக்கு முதல் சொல்லியிருந்தால் நான் வெண்டிருப்பன்," என்றான்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பும் மழையும் ஒன்றாகக் கொட்டின. தவில்காரர் குடையையும் தவிலையும் தூக்கிக்கொண்டு லொறியின் முன்பக்கத்துக்குள் பாய்ந்தார். மற்றவர்கள் நனைந்தார்கள். மடக்கிய குடைகள் வேலியில் தொங்க, அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் தெப்பமாக நனைந்து நின்று சிரித்தார்கள். அன்று அந்தச் சிரிப்பைச் சிரித்தவர்களில் பலர் பின்னாளில் இல்லாமற் போனார்கள். சிரிப்பு அப்படியே இருக்கிறது.

படங்குக்குக் கீழே நெல் நனையாமல் கிடந்தது.

---

பங்குனி மழை. வந்த வேகத்தில் போய்விட்டது. நந்திக்கடல் பக்கம் வானம் வெளுத்தது. கமலாசனி பெரிய கேத்திலில் தேத்தண்ணீரும், பனங்கட்டித் துண்டுகளும் கொண்டுவந்தாள். ஆட்கள் வரம்பு நெடுகக் குந்தினார்கள். மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே நெல் மூட்டையில்.

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மச்சான்," என்று சிற்றம்பலம் கீச்சிட்டார்.

"நீ என்னைக் கேட்டிருக்கலாம்."

"உன்னை என்னெண்டு கேக்கிறது?"

"எனக்கும் அதுதான்."

இருவரும் தேத்தண்ணீரை ஊதினார்கள்.

"செட்டிகுளம் கூட்டத்திலை என்னை 'ஓட்டைக் குடை' எண்டு சொன்னனியாம்."

"சொன்னனான். நல்லாய்க் கை தட்டினவங்கள்." வீரகத்தி பனங்கட்டியைக் கடித்தான். "நீ என்னை 'மூண்டு கால் கதிரை' எண்டனியாம்."

"அது ஹமீட் சொன்னது."

"எம்.பி. சொல்லச் சொன்னது!" என்று வரம்பின் மறு கோடியிலிருந்து ஹமீட் நானா கத்தினார்.

இரஞ்சிதம் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். மழைத் தண்ணீரோடு கண்ணீரும் இறங்கியதை ஒருவரும் காணவில்லை. அண்ணன் கிடைத்துவிட்டார். அவளுக்கு அது போதும். பாராளுமன்றம் எங்கே இருந்தாலும் இருக்கட்டும்.

ஹமீட் நானா எழுந்து வந்தார். "சரி, எம்.பி. இனிக் கொழும்புக்குப் போற ஆள். சங்கத்தை விடுறன் எண்டு மேடையிலை சொல்லிப் போட்டார். அவரின்ர வட்டாரத்துக்கு ஆர்? தலைவர் வேலைக்கு ஆர்? வீரகத்தி அண்ணன்தான். அதிலை கதையில்லை."

"கதை இருக்கு," என்றான் வீரகத்தி. "தலைவர் வேலையை மிச்சக் காலத்துக்கு நான் பாக்கிறன். அது என்ர கடமை. ஆனால் வட்டாரத்துக்கு இடைத்தேர்தல் வரும். அதுக்கு ஒரு ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டனான்."

"ஆர்?"

வீரகத்தி தங்கச்சியைக் காட்டினான். "ஐம்பது குடையை ஒரு சொல்லிலை மடக்கின ஆள்."

"ஆர், நானோ?" இரஞ்சிதத்தின் கையிலிருந்த சேலைத் தலைப்பு நழுவியது. "அண்ணை, உங்களுக்கு மழை தலைக்குள்ளை போயிட்டுது."

"எனக்கும்தான்," என்று சிற்றம்பலம் கீச்சிட்டு, கையை உயர்த்தினார். வரம்பு நெடுகக் கைகள் உயர்ந்தன. வெற்றிலை வாங்கப் போன மூன்று பேரும் இரண்டு கையையும் உயர்த்தினார்கள்.

அவள் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இத்தனை வருஷம் புருஷன் இல்லாத நேரமெல்லாம் படலையில் வந்து நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அரிசிக் கூப்பன் கிடைக்காதவர், காணி உறுதி இல்லாதவர், பிள்ளைப்பேற்றுக்கு வண்டில் கேட்டவர். புருஷன் வந்து கேட்பதற்கு முன்னமே அவள் அரைவாசிப் பேருக்கு வழி சொல்லி அனுப்பியிருப்பாள். 'வேண்டாம்' என்ற சொல் வெளியே வரவில்லை.

அதற்குள் கமலாசனி கேத்திலைக் கீழே வைத்தாள்.

"மச்சாள் கேட்டால் நானும் கேப்பன்."

உயர்ந்திருந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

"என்னப்பா பகிடி விடுறாய்?" என்றான் வீரகத்தி.

"பகிடியில்லை. கிழக்குப் பக்கத்துப் பொம்பிளையள் இண்டைக்கும் நல்ல தண்ணிக்கு அரை மைல் நடக்கினம். தலைவராயிருந்த அண்ணையும் பாக்கேல்லை, உதவித் தலைவராயிருந்த நீங்களும் பாக்கேல்லை. கட்டின கிணறெல்லாம் றோட்டுப் பக்கம். மச்சாள் தங்கமான மனிசி. ஆனால் அவவும் றோட்டுப் பக்கம்."

மச்சான்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வெள்ளத்திலிருந்து இப்போதுதான் கரையேறிய முகங்கள்.

"யா அல்லாஹ்," என்று ஹமீட் நானா தலையில் கை வைத்தார். "இனி நான் லொறியை எந்தப் பக்கம் விடுறது?"

இரஞ்சிதம் கமலாசனியைப் பார்த்தாள். வேலிப் பொட்டுக்குள்ளால் பயந்து பயந்து தலை நீட்டிய மனிசியா இது? தலையில் இன்னும் வைக்கோல் தூள். உதட்டில் சிரிப்பு. கண்ணில் பகிடி இல்லை.

"என்ன சின்னம் கேக்கப் போறியள், மச்சாள்?"

"சொன்னால் நீங்கள் முந்திப் போய் எடுத்துப் போடுவியள்."

இரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள். போய்க் கமலாசனியின் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். வற்றாப்பளைக்குப் போகலாம் என்று எல்லோரையும் எழுப்பினாள். லொறி உறுமியது, நனையாத தவில் முழங்கியது, ஐம்பது பேரும் சேற்றுக் காலோடு ஏறினார்கள். வீரகத்தியும் ஏறினான்.

தான் தேர்தலுக்குக் கேட்கப் போவதில்லை என்று மட்டும் அவள் கடைசிவரை சொல்லவில்லை. அதை முதலில் கவனித்தவர், குரல் இல்லாத எம்.பி.தான்.